எல்லையைத் தொடாமல் நெருங்குவது எப்படி?

...அதத்தாங்க நானும் கேக்குறேன்! ஒரு வார்த்தைக்கு எத்தன அர்த்தம் இருக்கோ அத்தனைக்கும் நானா பொறுப்பு? சொல்லுங்க. இல்ல, வேணாம், நானே சொல்றேன். ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நான் பொறுப்பு. எந்த அர்த்தத்துல சொன்னேனோ, அந்த ஒண்ணுக்கு. மிச்சத்துக்கெல்லாம் கேட்டவங்க பொறுப்பு. இதுக்குப் போயி ஒரு மெமோ! இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல மொதல் மெமோ. திருத்திக்கிறேன், ரெண்டாவது. மொதல் மெமோ மீனுக்காக வந்தது. அத அப்புறம் சொல்றேன்.

ஜன்னல கொஞ்சம் சாத்திக்கவா? காத்து வேணுமா? சரி சரி, இருக்கட்டும். என் ஃபைலு பறக்குது, அதான். இந்தாங்க, இந்த ஓரத்த மட்டும் நீங்க புடிச்சிக்குங்க. புண்ணியமாப் போவும். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுல நீங்க ஏறுனப்பவே நெனச்சேன், இவங்க பக்கத்துல உக்காந்தா நிம்மதியாப் போகலாம், அதிகம் பேச மாட்டாங்கன்னு. பாண்டி வரைக்குந்தான? கண்டக்டர்ட்ட சொன்னீங்களே, காதுல விழுந்துச்சு. நானும் பாண்டிதான். பதினோரு மணிக்கு விசாரணை. நாலு மணி நேரம் இருக்கு. நிதானமா, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுச் சொல்லிடலாம்.

ஒண்ணு. நான் யாரு? பேரு தையல்நாயகி. வீடு தருமபுரம். இன்ஜினியரிங் காலேஜ்ல பேராசிரியர். திருத்திக்கிறேன், இணைப் பேராசிரியர். அந்த 'இணை'ய எடுக்குறதுக்குத்தான் பதினாலு வருஷமா அலையுறேன். என்ன பாடம்னு கேப்பீங்க. கேக்கலியா? பரவாயில்ல, எல்லாரும் கேப்பாங்க. என் தலையெழுத்தே அதுலதான் இருக்கு. பி.எஸ்ஸி கணிதம், எம்.எஸ்ஸி கணிதம். டாக்டர் பட்டம் வாங்குனது இன்ஜினியரிங்ல. கடல் அலை கரைய எப்படி அரிக்குதுங்குற ஆராய்ச்சி. அலையப் பாத்தா உங்களுக்குத் தண்ணி தெரியும், எனக்குச் சமன்பாடு தெரியும். சமன்பாட்டப் பாத்தா மத்தவங்களுக்குத் தலைவலி வரும், எனக்குக் கால்ல ஈரம் படும். பெருமைக்குச் சொல்லலைங்க. அப்புடி ஒரு சென்மம்.

மண்டபத்தூர் கடக்கரையில மூணு வருஷம் கம்பு நட்டு அளவெடுத்தேன். புடவையத் தூக்கிச் செருகிக்கிட்டு, ஒரு கையில நோட்டு, ஒரு கையில டேப்பு. அங்க கோவிந்தராசுன்னு ஒரு படகுக்காரரு. அவரு வீட்டுல எனக்கு 'அளவுக்காரம்மா'ன்னு பேரு. இன்னிக்குக் கம்பு ஊணுனா நாளைக்கு இருக்காது. அலை எவ்வளவு தூரம் கரையத் தின்னுருக்குன்னு நான் பயந்து பயந்து குறிச்சி வச்சேன். ஆறு மாசம் கழிச்சித் தெரியுது, கோவிந்தராசு வீட்டம்மா ஆடு கட்டுறதுக்குக் கம்பப் புடுங்கிக்கிட்டுப் போயிருக்காங்க. பதினேழு கம்பு! என் ஆராய்ச்சியில நாலாவது அத்தியாயம் பூரா ஆடு பண்ணுன அரிப்பு! சிரிக்காதீங்க. சிரிங்க, சிரிங்க, நானே சிரிச்சேன். அப்புறம் உக்காந்து முழுசாத் திருப்பி எழுதுனேன். ஒரு எண்ணக்கூடச் சும்மா விடல. நம்ம கொணம் அப்புடி. சரியா இருக்கணும்.

காலேஜுக்கு வந்தா கணிதத் துறையில என்ன சொன்னாங்க? "மேடம், உங்க டாக்டர் பட்டம் சிவில்ல. அங்க போங்க." சிவில்ல என்ன சொன்னாங்க? "மேடம், நீங்க அடிப்படையில மேத்ஸ். அங்க போங்க." ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல தகரக் கூரை போட்ட ஒரு நடைபாதை. என் நாற்காலி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா அஞ்சு தடவ போயிருக்கு. கடைசித் தடவ தூக்கிட்டுப் போன ஆளு, மழை வந்துருச்சுன்னு நடுப்பாதையிலயே எறக்கி வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நானும் அங்கயே உக்காந்து ஒரு கட்டுப் பேப்பரத் திருத்தி முடிச்சிட்டேன். பசங்க அந்த எடத்துக்குத் 'தையல்நாயகி சந்தி'ன்னு பேரு வச்சிட்டானுங்க. இன்னிக்கும் அந்தப் பேருதான். ஜெராக்ஸ் கடைக்காரர்ட்ட வழி கேட்டாக்கூட "சந்தியில திரும்புங்க"ம்பாரு.

சொந்தக்காரங்கள்ட்ட மட்டும் நான் ரெண்டு துறையும்! வீடு கட்டுறவன் பிளானத் தூக்கிட்டு வருவான், "அக்கா, நீதான் இன்ஜினியரிங்காச்சே, ஒரு கையெழுத்து." புள்ள ஃபெயிலானவ புள்ளையத் தூக்கிட்டு வருவா, "அண்ணி, நீங்கதான் கணக்காச்சே, ஒரு மாசம் சொல்லிக்குடுங்க." பதவி உயர்வுன்னு வரும்போது ரெண்டும் இல்ல.

மீனா? ஆமா, மீனு. மறக்கல. காலேஜ்ல அலைத்தொட்டி ஒண்ணு இருக்குங்க, பன்னெண்டு மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் கண்ணாடி. ஒரு முனையில பலகை ஆடும், அலை கெளம்பும். அது கொஞ்சம் ஒழுக ஆரம்பிச்சிது. யாரு சரி பண்ணணும்? சிவில் சொல்லுது, "அதுல நடக்குறது சமன்பாடு, அது மேத்ஸ் தொட்டி." மேத்ஸ் சொல்லுது, "அதுல இருக்குறது தண்ணி, எங்களுக்கும் தண்ணிக்கும் என்னா சம்பந்தம்?" ரெண்டு வருஷம் அப்புடியே கெடந்துச்சு. தண்ணி தேங்கி கொசு வந்துடுச்சு. சுகாதாரத்துறைக்காரங்க வந்து பாத்துட்டு, கொசுப்புழுவத் திங்குற மீனு விட்டுட்டுப் போனாங்க. விட்டது முப்பது. நாலு மாசத்துல ஆயிரம்! பெருக்கத்துக்கு ஒரு வளைகோடு போட்டுப் பாத்தேன், அவ்வளவு அழகா பொருந்துச்சு. அதப் பாடத்துலயும் எடுத்தேன். அப்பப் பாத்து ஆய்வுக்குழு வந்துச்சு. "இது என்ன மேடம்?"ன்னாங்க. "உயிர்த்தொகை மாதிரி, பாப்புலேஷன் மாடல்"ன்னேன். உண்மைதான? 'ஆய்வகத்தில் மீன் வளர்த்தல் தொடர்பாக'ன்னு மெமோ வந்துச்சு. அதுவே காலேஜ்ல பெரிய பேச்சு. இப்ப வந்துருக்கு பாருங்க...

ஏன் பஸ்ஸு நிக்குது? ஓ, நண்டலாறு. செக்போஸ்ட். நம்ம புதுச்சேரி முடிஞ்சி தமிழ்நாடு ஆரம்பிக்குது. பாத்தீங்களா, ஏறிட்டாங்க. பைய நோண்டட்டும், நம்ம பக்கத்து வெல கொறஞ்ச சாராய பாட்டில் கடத்துறோமான்னு நல்லாப் பாக்கட்டும். நம்ம பையில என்னா இருக்கு, ஃபைலும் புளிசாதமும். வணக்கம்ங்க. ஆமா, நாந்தான். என்னங்க? இல்லைங்க, இன்னிக்கு நெருங்கல, நேரா தாண்டித்தான் போறேன், டிக்கெட்டு எடுத்துருக்கேன்!

கேட்டீங்களா? "மேடம், இன்னிக்கு எந்தப் பக்கமா நெருங்குறீங்க?"ங்குறாரு. காக்கிச்சட்டைக்காரரு, முன்னப்பின்ன தெரியாதவரு. அந்த அளவுக்கு ஊரு பூரா தெரிஞ்சிபோச்சு. 'எல்லை மேடம்.' அதான் இப்ப என் பேரு.

சரி, ரெண்டு. விஷயத்துக்கு வர்றேன். மூணு தடவ நேர்காணல் போயிட்டு வந்தாச்சுங்க. கணிதக் குழு, "இது இன்ஜினியரிங் ஆராய்ச்சி." இன்ஜினியரிங் குழு, "இது கணிதம்." நாலாவது தடவ, போன வருஷம், காலேஜுக்குப் புதுசா வந்த முதல்வர் ரெண்டு குழுவையும் ஒண்ணா உக்கார வச்சாரு. ஒரு மணி நேரம் அவங்களுக்குள்ள சண்டை. நான் பாட்டுக்கு ரெண்டு டீ குடிச்சிட்டேன். கடைசியில ஒத்துக்கிட்டாங்க! ஆர்டர் தயாரு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அப்ப ஆபீஸ்ல ஒருத்தரு கண்டுபுடிச்சாரு, "மேடத்துக்குச் சமூகத் தொடர்புல மதிப்பெண் பூஜ்யம்." அப்புடின்னா? பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவாவது ஆத்தியிருக்கணுமாம். ஆத்துனா அஞ்சு மார்க்கு. அந்த அஞ்சு வந்தா 'இணை' போயிடும். அவ்வளவுதான், ஒரே ஒரு சொற்பொழிவு!

டிசம்பர்ல கணித நாள் வருது. திருமலைராயன்பட்டினத்துல ஒரு கல்யாண மண்டபம் கெடச்சிது. தமிழ்ல பேசணும், ஜனங்களுக்குப் புரியணும். என்ன பேசலாம்? யோசிச்சேன் யோசிச்சேன், லிமிட்தான் பேசணும்னு முடிவு பண்ணுனேன். கணிதமும் இன்ஜினியரிங்கும் கை குடுத்துக்குற எடம் அதுதான். ஒரு எடத்தப் பாத்துப் போய்க்கிட்டே இருக்கோம். பாதி தூரம் போறோம். மிச்சத்துல பாதி. அதுல பாதி. போயிக்கிட்டே இருக்கலாம், தொட மாட்டோம். ஆனா எவ்வளவு கிட்ட வேணும்னாலும் போயிடலாம். எவ்வளவு அழகு பாருங்க! எனக்கு இன்னும் புல்லரிக்குது. லிமிட்டுக்குத் தமிழ்ல எல்லை. பாடப்புத்தகத்துலயும் உண்டு. நோட்டீஸ் அடிச்சாச்சு. 'எல்லையைத் தொடாமல் நெருங்குவது எப்படி? பேராசிரியர் தையல்நாயகி படம் வரைந்து விளக்குகிறார். அனைவரும் வருக. அனுமதி இலவசம்.'

இப்ப சிரிக்கிறீங்கல்ல? நீங்களும் காரைக்கால்தான? அதான். வெளியூர்க்காரங்கள்ட்ட சொன்னா அரை மணி நேரம் விளக்கணும். நமக்கு நாலு பக்கத்துல மூணு பக்கம் எல்லை, மிச்சம் கடல். எந்தக் கணக்குப் புத்தகம் எழுதுனவரும் இத யோசிச்சிருக்க மாட்டாரு.

நான் நாப்பது நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். நாப்பதே அதிகம்னு நெனச்சேன். போயி எறங்குறேன், வாசல்ல பைக்கு! வரிசையா பைக்கு! கல்யாணமோன்னு சந்தேகமாப் போச்சு. உள்ள முன்னூறு பேரு. திருத்திக்கிறேன், முன்னூத்திப் பன்னெண்டு, பதிவேட்டுல கையெழுத்து இருக்கு, இணைப்பு ஏழு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. கணக்குக்கு இவ்வளவு கூட்டமா! வாஞ்சூர்லேர்ந்து ஆளு, நெடுங்காட்டுலேர்ந்து ஆளு, நாகூர்லேர்ந்துகூட ஆளு. நோட்டு, பேனா. ஒருத்தரு மேப்பு கொண்டு வந்துருந்தாரு. மேப்பு எதுக்குன்னு எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. ஆர்வம்னு நெனச்சிட்டேன்.

பேச ஆரம்பிச்சேன். பலகையில ஒரு கோடு போட்டேன். "இது எல்லை"ன்னேன். "பாதி தூரம் போறீங்க, நிக்கிறீங்க. மிச்சத்துல பாதி, நிக்கிறீங்க." பின்னாடியிலேர்ந்து ஒருத்தரு, "வண்டியிலயாம்மா, நடந்தா?" "எதுல வேணும்னாலும்"னேன். என்ன அழகாக் கேள்வி கேக்குறாங்கன்னு சந்தோஷம் வேற. இன்னொருத்தரு எந்திரிச்சி ரொம்பப் பணிவா, "ஒரு தடவைக்கு எத்தன கொண்டுபோலாம் மேடம்?" நான் என்ன நெனச்சேன்? தொடர்ல எத்தன உறுப்பு வரைக்கும் கொண்டுபோகலாம்னு கேக்குறாரு, அடேயப்பா, முன்னாலயே படிச்சிட்டு வந்துருக்காரேன்னு நெனச்சேன். "எத்தன வேணும்னாலும் கொண்டுபோங்க! முடிவே கெடையாது!"ன்னேன். கைதட்டல்! விசில்! கணக்கு வாத்தியாருக்கு விசில் அடிச்சி நீங்க பாத்துருக்கீங்களா? எனக்கு அடிச்சாங்க.

அதோட நிறுத்துனேனா? இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை சொல்லாம விட மனசு வரல. முழுசாச் சொல்லணும்ல. "இடப்பக்கமிருந்து வந்தாலும் வலப்பக்கமிருந்து வந்தாலும் ஒரே எடத்துக்கு வந்து சேரணும். சேரலன்னா, எல்லையே கெடையாது!"ன்னு கொஞ்சம் உணர்ச்சியோட சொல்லிட்டேன். மண்டபமே எந்திரிச்சி நின்னுடுச்சு. "எல்லையே கெடையாதுன்னு அம்மாவே சொல்லிட்டாங்க!" நாலாவது வரிசையில மஃப்டியில ஒரு போலீஸ்காரரு இருந்துருக்காரு. எழுதிக்கிட்டே இருந்துருக்காரு. நல்ல மாணவன்னு நான் அவரப் பாத்துத்தான் அதிகம் பேசுனேன்.

முன்வரிசையில சொல்தா ஐயா ஒருத்தரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு. அவருதான் மொதல்ல புரிஞ்சிக்கிட்டாரு. மேடைக்குக் கிட்ட வந்து மெதுவா, "அம்மா, இவங்க பாட்டில் எல்லையக் கேக்குறாங்க, நீங்க என்னமோ சொல்றீங்க"ன்னாரு. உடனே மைக்கப் புடிச்சி, "அய்யா, இது அந்த எல்லை இல்ல, லிமிட், லிமிட்!"ன்னேன். அவரு தலைய ஆட்டிக்கிட்டு, "பிரெஞ்சுல லிமித்னாலும் அதானம்மா"ன்னாரு. போச்சா!

ஆனா ஒண்ணு சொல்லணும். இதுக்கு நடுவுல கோவிந்தராசு எந்திரிச்சாரு. மண்டபத்தூர்லேர்ந்து எட்டுப் பேரக் கூட்டிட்டு வந்துருந்தாரு. அவரு பாட்டிலுக்கு வரல. "அளவுக்காரம்மா, எங்களுக்குக் கடல்ல எல்லை. இஞ்சின நிறுத்திட்டு வலை போட்டா, தண்ணி இழுத்துட்டுப் போயி அந்தாண்ட விட்டுருது. அந்த நாட்டு நேவிக்காரன் புடிச்சிக்கிட்டுப் போயிடுறான். எவ்வளவு முன்னாடி நிறுத்துனா தொடாம இருக்கலாம்?"ன்னாரு. அது கேள்விங்க. அதுதான் கேள்வி. எல்லைக்கு எவ்வளவு கிட்ட வேணும்னு நீங்க சொல்லுங்க, எங்க நிக்கணும்னு நான் சொல்றேன். லிமிட்டுக்கு வரையறையே அதான். பலகைய அழிச்சிட்டு, நீரோட்ட வேகம், காத்து, வலை கெடக்குற நேரம், எல்லாம் போட்டு, மாசத்துக்கு ஒரு தூரம்னு பட்டியல் எழுதிக்குடுத்தேன். அவங்க அதப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. இருபத்தாறு வருஷத்துல நான் எடுத்த நல்ல வகுப்பு எதுன்னு கேட்டீங்கன்னா அந்த இருவது நிமிஷம்.

போலீஸ்காரரு அதையும் எழுதிட்டாரு. அறிக்கை இணைப்பு ஒம்பதுல இருக்கு, கேளுங்க. 'மேற்படி பேராசிரியர் எல்லையை நெருங்கும் வழிமுறைகளைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியதோடு, எத்தனை வேண்டுமானாலும் கொண்டு செல்லலாம் என்றும், எல்லையே கிடையாது என்றும் பேசி, இறுதியில் கடல் எல்லை குறித்துப் பட்டியல் வழங்கினார்.' ஒரு வரி பொய் இல்ல! அதான் கொடுமை. சாராயத்துல ஆரம்பிச்ச கேஸு சர்வதேசத்துல வந்து நிக்கிது. முதல்வர் என்னக் கூப்புட்டு, "மேடம், சமூகத் தொடர்புன்னா இவ்வளவு தொடர்பு வேணாம்"ங்குறாரு. ஆர்டர் நின்னுபோச்சு. இன்னிக்கு விசாரணையில தலைப்புக்கு யாரு பொறுப்புன்னு முடிவு பண்ணுவாங்க. நான் இல்லன்னு ஆயிட்டா, இன்னிக்கே கையெழுத்து. நாந்தான்னு ஆயிட்டா, மறுபடி பூஜ்யத்துலேர்ந்து. எனக்கு அம்பத்தி மூணு வயசுங்க.

சீர்காழி போயிடுச்சா? பாக்கவே இல்ல. சிதம்பரத்துல டீ குடிக்கிறீங்களா? வேணாமா? தூக்கம் வருதா? கண்ணு சொக்குது. இன்னும் மூணாவது பாயிண்ட்தான் பாக்கி.

மூணு. தலைப்பு. இங்கதான் அமீனச் சொல்லணும். நூருல் அமீன்னு எங்க தமிழ்த்துறையில இருக்காரு. திருமலைராயன்பட்டினத்துக்காரரு. சின்ன வயசு, ஒப்பந்த வேல, வருஷா வருஷம் மே மாசம் புதுப்பிக்கணும். நோட்டீஸ அவருக்குத்தான் அனுப்பிப் பாக்கச் சொன்னேன். தமிழ் படிச்சவரு, உள்ளூர்க்காரரு, ஒரு வார்த்தைக்கு ஊர்ல என்ன அர்த்தம்னு தெரிய வேணாமா? அதத்தான் என் பதில்ல எழுதியிருக்கேன். மூணு பக்கம். ராத்திரி பகலா எழுதுனேன். ஒரு எழுத்துப் பிழை காட்ட முடியாது. கேளுங்க. 'சொற்பொழிவின் தலைப்பு தமிழ்த்துறையின் பார்வைக்கு அனுப்பப்பட்டு, உரிய திருத்தங்களுடன் பெறப்பட்டு, அதன் பின்னரே அச்சிடப்பட்டது.' எப்புடி? ஒவ்வொரு சொல்லும் உண்மை. அனுப்புனேன், உண்மை. திருத்தத்தோட வந்துச்சு, உண்மை. அப்புறம் அச்சடிச்சோம், உண்மை. ஆதாரம் பதினொரு இணைப்பு, பொருளடக்கத்தோட. ஒண்ணுகூட விட்டுப்போவக் கூடாது பாருங்க.

என்ன? என்னாங்க காட்டுறீங்க? இணைப்பு நாலா? அது அமீன் அனுப்புன நோட்டீஸு. அதுல என்ன... ஆமா, 'வரம்பை நெருங்குதல்'னு நீல மையில எழுதியிருக்காரு. லிமிட்டுக்கு அதுவும் தமிழ்தான். மேல செவப்பு மையில அடிச்சிருக்கு. ஆமா, அடிச்சிட்டு எல்லைன்னு எழுதியிருக்கு. யாரு எழுத்தா?

...

செவப்புப் பேனா யாரு வச்சிருப்பா? வாத்தியாரு.

என் எழுத்துதாங்க. 'ல்'லுக்கு மேல புள்ளிய வட்டமாப் போட்டுருக்கு பாருங்க, நாந்தான். அட கடவுளே. ஓரத்துல வேற அமீன் பென்சில்ல எழுதியிருக்காரு, 'மேடம், இது காரைக்கால். எல்லை என்றால் இங்கே வேறு பொருள் எடுத்துக்கொள்வார்கள்.' அதுக்குக் கீழ செவப்புல, 'வரம்பு என்றால் வயல் வரப்பு என்று நினைத்து, வழக்கு நடத்துபவர்கள் பத்திரத்தோடு வந்துவிடுவார்கள். எல்லையே தெளிவு.' தெளிவாம்! அடிக்கோடு ரெண்டு!

ஹா... இருங்க, இருங்க, எனக்குச் சிரிப்பு வந்தா நிக்காது... ஹா... தண்ணி குடுங்க... பதினொரு இணைப்புல ஒண்ணுகூட விட்டுப்போவக் கூடாதுன்னு நானே தேடித்தேடிக் கோத்து வச்சிருக்கேன், எனக்கு எதிரா! பொருளடக்கத்துல பேரு வேற போட்டுருக்கேன். 'இணைப்பு நான்கு: திருத்தப்பட்ட வரைவு.' யாரு திருத்துனதுன்னு மட்டும் போடல. அத மட்டும் எப்புடிங்க மறந்தேன்? நான் எதையும் மறக்குற ஆளு இல்லையே. மறக்கல. தெரியும். எழுதும்போதே தெரியும். அந்த வரிய எட்டு தடவ மாத்தி எழுதுனேன், பொய்யும் வரக்கூடாது, உண்மையும் வரக்கூடாதுன்னு. ஒவ்வொரு வரியும் உண்மை, கூட்டுனா பொய். எந்தப் பாடத்துல வரும் இந்தக் கூட்டல்?

எடுத்துடலாமா? இணைப்பு நாலக் கிழிச்சிப் போட்டுட்டா யாருக்குத் தெரியுங்குறீங்களா? தெரியாதுதான். அமீன் வாயத் தொறக்க மாட்டாரு. மே மாசம் வந்தா ஒப்பந்தம் புதுப்பிக்கல, அவ்வளவுதான்னு சொல்லிடுவாங்க, காரணம்கூட எழுத மாட்டாங்க. அவரு சம்சாரம் மெஹர் பானுட்ட போயி என்ன சொல்லுவாரு? அந்தப் பொண்ணு போன நோம்புக்குக் கஞ்சி குடுத்து விட்டுச்சு. எச்சரிச்சதுக்கு வேல போச்சு, எச்சரிக்கையக் கேக்காதவ பேராசிரியரு. இல்லைங்க. அந்தக் கணக்கு எனக்கு வராது.

பேனா வச்சிருக்கீங்களா? நீலம்? என் பையில இருக்குறதெல்லாம் செவப்பு. ஆ, குடுங்க. ஃபைல மட்டும் கொஞ்சம் அழுத்திப் புடிச்சிக்குங்க, பஸ்ஸு குலுங்குது. ஒரு நிமிஷம்.

ம்.

கேளுங்க, படிக்கிறேன். 'ஐயா, எல்லை என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது நான். திரு. நூருல் அமீன் வரம்பு என்று எழுதிக் கொடுத்தார், எச்சரிக்கையும் செய்தார். நான்தான் அடித்துவிட்டேன். இணைப்பு நான்கைக் காண்க. மீனவர்களுக்குக் கொடுத்த பட்டியல் சரியானது. அதைத் திரும்பப் பெற மாட்டேன்.' இப்புடிக்கு போட்டாச்சு. மூணு பக்கம் ஆறு வரியாப் போச்சு. இணையோ இணை இல்லையோ...

ஏங்க, எங்க எந்திரிக்கிறீங்க? இது கடலூருங்க! பாண்டிக்குல்ல டிக்கெட்டு எடுத்தீங்க? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே... ஏங்க! பேனா! பேனாவ விட்டுட்டு... போயிட்டாங்களே. எவ்வளவு நல்லவங்க. அவசரமா ஏதும் வேலையா இருக்கும். பேரக்கூடக் கேக்கல நான்.

கண்டக்டர் தம்பி, அந்தப் பச்சப் புடவைக்காரங்க கடலூர்ல எறங்கிட்டாங்க, பாவம், பாண்டிக்குக் காசு குடுத்தவங்க. என்னது? எறங்கலியா? பின்பக்கம் எறங்கி முன்பக்கம் ஏறிட்டாங்களா? டிரைவருக்குப் பின்னாடி உக்காந்துருக்காங்களா? ஹா... அட, என் தாயே... ஹா...

ஏங்க! முன் சீட்டு! நாந்தான்! பயப்படாதீங்க, அங்கல்லாம் வரல! ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு விட்டுடுறேன்! பரிட்சையில வழிமுறை எழுதாம வெறும் விடைய மட்டும் எழுதுனா நான் முட்டைதாங்க போடுவேன், இருபத்தாறு வருஷமா! இன்னிக்கு நானே வெறும் விடைய எழுதிக் கொண்டுபோறேன்! அவங்களும் எனக்கு முட்டை போடட்டும்! கேக்குதா? போடட்டும்ங்குறேன்! விடை சரிங்க!